சவுண்ட் பேக் வாங்க முதல் இதை வாசியுங்கோ



அனலொக் சிந்தசைசர் பற்றின எபிசோட் வந்த பிறகு ரெண்டு கேள்வி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கு. ஒண்டு, "அக்கா, எந்த சிந்தில கனக்க சவுண்ட் இருக்கு?" மற்றது, "எங்கட சவுண்ட் பேக் எங்க எடுக்கலாம்? நாதஸ்வரம், வீணை, அப்பிடி ஏதாவது?" பொட்காஸ்ட்டில ஒரு நிமிஷப் பதிலுக்குத்தான் நேரம் இருந்தது. மிச்சத்தை இங்க எழுதுறன்.

என்ர கருத்தை முதலே சொல்லிவிடுறன். ஒரு அனலொக் சிந்தை, அதுக்குள்ள எத்தனை ஒலி இருக்கு எண்டு எண்ணிப் பார்த்து ஒப்பிடக் கூடாது. சுருதியை எவ்வளவு தூரம் எங்கட கையில விடுது, விரல் அசைவை எவ்வளவு தூரம் கேட்குது எண்டு பார்த்துத்தான் ஒப்பிட வேணும். எங்களுக்கு வேண்டிய ஒலிகளை யாரும் பேக்காகக் கட்டித் தரப்போறதும் இல்லை. நாங்களே செய்யவேணும். செய்ததைக் கோப்பாக மட்டும் வைக்காமல், தமிழில எழுதியும் வைக்கவேணும்.

ஏன் எண்டு ஒவ்வொண்டாப் பார்ப்பம்.

ஏற்றுறது எண்டால் எதை ஏற்றுறது?

கனபேர் வீட்டில ஒரு பெரிய கீபோர்ட் இருக்கும். பிறந்தநாள் விழாவுக்கும் கோயில் கலைவிழாவுக்கும் அதைத்தான் காரில ஏத்திக்கொண்டு போவினம். தபேலா ரிதம், சித்தார், புல்லாங்குழல் எல்லாம் அதில இருக்கும். அதுக்குள்ள இருக்கிறது சாம்பிள். அதாவது, யாரோ ஒரு கலைஞர் மைக்குக்கு முன்னால வாசிச்ச ஒலிப்பதிவு. அதுக்குப் புது பேக் ஏற்றினால், புது ஒலிப்பதிவு உள்ள போகுது.

அனலொக் சிந்துக்குள்ள ஒலிப்பதிவு எதுவும் இல்லை. ஒஸிலேற்றர் எண்ட மின்சுற்று ஒரு மூல அலையைத் தருது. ரம்பப் பல்லு மாதிரி இருந்தால் அது சோ-டூத், சதுரமா இருந்தால் ஸ்குவெயர். பில்டர் அந்த அலையில வேண்டாத பகுதியை வெட்டுது. ஒலி எவ்வளவு வேகமா எழும்பவேணும், எவ்வளவு நேரம் நிக்கவேணும், எப்பிடி அடங்கவேணும் எண்டதை என்வலப் சொல்லுது. அடிப்படை இவ்வளவுதான்.

அப்ப நாங்கள் ஒரு "பேட்ச்"சை ஏற்றுறம் எண்டால், ஏற்றுறது ஒலியை இல்லை. அந்த ஒலியைச் செய்த ஆள், ஒவ்வொரு குமிழையும் ஸ்லைடரையும் எந்த இடத்தில விட்டார் எண்ட கணக்கைத்தான் ஏற்றுறம்.

இது எவ்வளவு சின்னக் கணக்கு எண்டதுக்கு ஒரு உதாரணம். ரோலண்ட் ஜூனோ-106, 1984-ல வந்தது. இண்டைக்கும் பழைய சிந்த் தேடுற ஆக்கள் முதலில கேக்கிறது இதைத்தான். அதில ஒரு பேட்ச் எண்டால் 18 பைட். 16 ஸ்லைடருக்கு 16, மிச்சப் பட்டன்களுக்கு 2. மொத்தம் 128 பேட்ச். பெருக்கிப் பாருங்கோ: 2,304 பைட். அம்மா வாட்ஸ்அப் குறூப்பில போடுற காலை வணக்கம் படம் இதைவிட எத்தனையோ மடங்கு பெருசு.

இதில எனக்கு ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்டு, 18 எண்ணை ஒரு தாளில கையால எழுதலாம். மற்றது, அந்த 18 எண்ணும் ஜூனோ-106-க்கு மட்டும்தான் விளங்கும். கோர்க்குக்கோ மோக்குக்கோ அனுப்பினால் அதுக்கு ஒண்டும் புரியாது. ஒவ்வொரு கருவியின்ர ஸ்லைடரும் வேற, பில்டரும் வேற. பி.டி.எஃப் மாதிரி எல்லாத்திலயும் திறக்கிற ஒரு பொதுவான பேட்ச் கோப்பு அனலொக் உலகத்தில கிடையாது.

மூண்டு சிந்த், ஒரு சுருதி

சரி, ஒப்பிடுவம். நான் எடுத்தது மூண்டு. ஜூனோ-106. கோர்க் மொனோலோக். 2018-ல வந்த மோக் கிராண்ட்மதர். இடம், நோத்ர-டாம்-த-கிரேஸில என்ர அறை. செங்கல் கட்டடம், பழைய ஹீட்டர். ஜனவரியில ஜன்னல் பக்கம் குளிரும், ஹீட்டர் பக்கம் வேர்க்கும். இந்த விபரம் ஏன் எண்டு பிறகு விளங்கும்.

மூண்டுக்கும் ஒரே பரீட்சை. தம்புரா மாதிரி ஒரு சுருதி வைக்கவேணும்: ஸட்ஜம், அதோட கீழ் ஸ்தாயிப் பஞ்சமம். ராகம் வேண்டாம், தாளம் வேண்டாம், இது மட்டும்.

ஜூனோவில ஒஸிலேற்றரை டிஜிற்றல் கடிகாரம் ஒண்டு கட்டுப்படுத்துது. அதனால சுருதி அசையாது. அறை குளிர்ந்தால் என்ன, சுட்டால் என்ன, அது நிண்ட இடத்தில நிக்கும். ஆறு குரல் இருக்கிறதால ரெண்டு கீயை அமத்தி, பெடலால பிடிச்சு வைக்கலாம். வடிவான ஒலி. ஆனால் ரெண்டு ஸ்வரத்துக்கும் இடையில இருக்கிற தூரத்தை மாத்தேலாது. கருவி முழுக்க மேற்கத்தைய சம இடைவெளி; ஒரு ஸ்தாயியைப் 12 சரி பங்காக வெட்டி வைச்சிருக்கு. ஸ்தாயி 1,200 சென்ற் எண்டு வைச்சால், கீழ்ப் பஞ்சமம் ஸட்ஜத்தில இருந்து 500 சென்ற் தள்ளி வருது. இயற்கையாச் சேருற இடம் 498. ரெண்டு சென்ற்தானே எண்டு விடலாம். ஆனால் நடு ஸியில (கீழே ஒரு ஸ்தாயி) வைச்சுக் கேட்டால் ரெண்டு செக்கனுக்கு ஒருக்கா மெல்லிசா ஒரு அலை எழும்பி அடங்கும். தம்புராவுக்குப் பழகின காது அதைப் பிடிச்சிடும்.

காந்தாரத்தில இந்தச் சிக்கல் பெருசாகுது. நல்லாச் சுருதி சேர்த்த தம்புராவில யாரும் மீட்டாமலே அந்தர காந்தாரம் கேக்கும், கவனிச்சிருக்கிறீங்களோ? ஸட்ஜத் தந்தியின்ர ஐந்தாவது ஒத்திசையில அது தானா வருது. அந்தக் காந்தாரத்துக்கும் கீபோர்ட் காந்தாரத்துக்கும் ஏறக்குறைய 14 சென்ற் வித்தியாசம். ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சால் செக்கனுக்கு அஞ்சு தரம் அடிக்கும். சங்கீத வகுப்பில ரீச்சர் "கீபோர்ட்டோட பாடாதையுங்கோ" எண்டு சொல்லுறது பழமைவாதம் எண்டு நாங்கள் சிரிக்கிறம். அவ சொல்லுறதுக்குள்ள இருக்கிறது இந்தக் கணக்கு.

மொனோலோக் ஒரு நேரத்தில ஒரு ஸ்வரம்தான் வாசிக்கும். ஆனால் அதுக்கு ரெண்டு ஒஸிலேற்றர். ரெண்டாவதைத் தனியா நகர்த்தி, 498 சென்ற் கீழ கொண்டுபோய் வைக்கலாம். அலை நிக்குது. அறை சட்டெண்டு அமைதியானது மாதிரி இருக்கும். அதைவிட முக்கியம், இந்தச் சின்னக் கருவிக்குள்ள மைக்ரோரியூனிங் இருக்கு. ஒவ்வொரு ஸ்வரத்தையும் எந்த இடத்தில வைக்கிறது எண்டு நாங்களே எழுதலாம். இதை வடிவமைச்ச நேரம் கோர்க்குக்கு ஆலோசனை சொன்னவர் ஏபெக்ஸ் ட்வின் எண்டு எல்லாருக்கும் தெரிஞ்ச ரிச்சர்ட் டி. ஜேம்ஸ். எங்கட சங்கீதத்துக்காகச் செய்யேல்ல. ஆனாலும் எங்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கு.

கிராண்ட்மதருக்கு பேட்ச் ஞாபகமே இல்லை. எதையும் சேமிக்கேலாது, எதையும் ஏற்றேலாது. குமிழைத் திருப்பவேணும், வயர் குத்தவேணும், காதால கேட்டுச் சேர்க்கவேணும். ஒஸிலேற்றர் முழுக்க அனலொக், ஆகவே அறை வெப்பம் மாறினால் சுருதியும் மெல்ல மாறும். போட்டுக் கொஞ்ச நேரம் சூடாக விட்டுத்தான் சுருதி சேர்க்கவேணும். கச்சேரிக்கு முதல் மிருதங்கக்காரர் கல்லால தட்டித் தட்டிச் சேர்க்கிற மாதிரி.

இப்ப கடை விளம்பரம் மாதிரி ஒப்பிட்டால்: ஜூனோவில 128 ஒலி, மொனோலோக்கில 100, கிராண்ட்மதரில பூச்சியம். ஜூனோதான் முதல். என்ர பரீட்சையில மொனோலோக் முதல், கிராண்ட்மதர் ரெண்டாவது, ஜூனோ கடைசி. மூண்டுக்குள்ளயும் ஜூனோவுக்குத்தான் இண்டைக்குச் சந்தையில கூட விலை. எங்கட தேவையை வைச்சு ஒப்பிட்டால் வரிசை தலைகீழாகுது. இதைத்தான் உங்களுக்கு விளங்கப்படுத்த நினைக்கிறன்.

ஞாபகம் பற்றரியில இருக்கு

பேட்ச் சேமிக்கிற வசதி சிந்தோடயே பிறந்தது இல்லை. 1970-ல வந்த மினிமோக்கில அது கிடையாது. ஒரு ஒலியைத் திரும்ப எடுக்கவேணும் எண்டால், குமிழ்களின்ர படம் அச்சடிச்ச ஒரு தாளில பென்சிலால அடையாளம் போட்டு வைப்பினம். 1978-ல ப்ரொபெட்-5 வந்தது. டேவ் ஸ்மித்தின்ர சீக்வென்ஷியல் சேர்க்கிட்ஸ் அதுக்குள்ள ஒரு மைக்ரோப்ரொசசரை வைச்சு, 40 ஒலியைச் சேமிக்க விட்டது. மேடையில ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையில ஒரு பட்டனை அமத்தினால் காணும். 1983-ல மிடி வந்த பிறகு அந்தக் கணக்குகளை வயரில அனுப்பவும் முடிஞ்சது.

இது பெரிய வசதி. மறுக்கேல்ல. ஆனால் அந்த ஞாபகம் எங்க இருக்கு எண்டு பாருங்கோ. ஜூனோ-106-க்குள்ள, கைக்கடிகாரத்துக்குப் போடுறது மாதிரி ஒரு வட்டப் பற்றரி இருக்கு. அது முடிஞ்சால் 128 ஒலியும் போகும். பழைய சிந்த் வாங்கப் போறவை மூண்டு விஷயம் பார்க்கவேணும். பற்றரி கடைசியா எப்ப மாத்தினது? ஆறு குரலும் வேலை செய்யுதோ? (இந்த மொடலில குரல் சிப்புகள் பழுதாகிறது எல்லாருக்கும் தெரிஞ்ச வியாதி.) பின்பக்கத்தில "மெமறி ப்ரொடெக்ட்" சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கு? புது பேங்க் ஏற்ற முதல், இருக்கிறதை ஒரு பிரதி எடுத்து வையுங்கோ. ஜூனோ தன்ர ஒலிகளைக் கசற்றில கீச்சுக் கீச்செண்டு பாடி வைக்கும். இப்ப கசற் தேவையில்லை, அந்தச் சத்தத்தைக் கணினியில பதிஞ்சால் சரி. திரும்ப ஏற்றவும் அதே சத்தத்தை ஓடவிட்டால் காணும்.

இந்தியாவில நடந்த ஒரு விஷயம் இந்தக் கதைக்குப் பொருத்தம். 1969-ல அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில ஒரு மோக் மொடுலர் சிந்த் வந்து இறங்கிச்சு. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அதை நிறுவ உதவினார். சில வருஷம் அங்க இந்திய ஆக்கள் அதில வேலை செய்திச்சினம். அந்தக் கால ஒலிநாடாக்களில இருந்து 2023-ல ஒரு தொகுப்பு வெளியாச்சு, தேடிக் கேளுங்கோ. ஒலி இருக்கு. ஆனால் மொடுலர் சிந்துக்கு ஞாபகம் இல்லை. எந்த வயர் எங்க இருந்தது எண்டு அந்தக் கருவியைக் கேட்டால் அது சொல்லாது. சமைச்ச சாப்பாட்டின்ர படம் இருக்கு, பக்குவம் கையில இல்லை.

வீட்டிலயும் இதே கதைதானே. அம்மம்மாவின்ர மீன்குழம்பு எல்லாருக்கும் ஞாபகம். "எவ்வளவு புளி, அம்மம்மா?" எண்டால் "கண்ணளவுதான் பிள்ளை" எண்டுவா. பக்கத்தில நிண்டு பார்த்து எழுதி வைச்ச பேரப்பிள்ளைக்குத்தான் அந்தக் குழம்பு இண்டைக்கும் கிடைக்குது.

கமகத்தை ஏற்றேலாது

சரி, நாதஸ்வரம். அனலொக் சிந்தில அதுக்குக் கிட்டப் போகலாம். எப்பிடி எண்டு சொல்லுறன்.

நாதஸ்வரத்தின்ர குழல் மேல ஒடுங்கி, கீழ விரிஞ்சு போற கூம்பு. சீவாளி ரெட்டை நாக்கு. கூம்புக் குழலில எல்லா ஒத்திசைகளும் வரும். கிளாரினெட் மாதிரி நேர் உருளையா இருந்தால் ஒற்றைப்படை ஒத்திசைகள்தான் ஓங்கி நிக்கும். அதனால நாதஸ்வரத்துக்கு சோ-டூத் அலை, கிளாரினெட்டுக்கு ஸ்குவெயர். அடித்தளத்தைக் கொஞ்சம் வெட்டுங்கோ. ஹை-பாஸ் பில்டர் இருந்தால் நல்லது. லோ-பாஸை நடுவுக்கு மேல திறந்து, ரெசனன்ஸைக் கொஞ்சம் ஏத்தினால் அந்த மூக்கால வாற கணீர் வரும். என்வலப்பில எழுச்சி வேகமா, ஆனால் பூச்சியமா இல்லாமல், நிலைப்பு முழுக்க, அடங்கல் குறுக்கி.

இப்ப முக்கியமான குமிழ்: வைப்ராட்டோ. அதைப் பூச்சியத்தில வையுங்கோ. "இந்தியன் லீட்" எண்டு பேர் போட்டு வாற பேட்ச்களில நான் முதல் நிப்பாட்டுறது இதைத்தான். எல்.எஃப்.ஓ எண்ட சுற்று சுருதியை ஒரே வேகத்தில, ஒரே அளவில ஆட்டிக்கொண்டு இருக்கும், மின்விசிறி மாதிரி. கமகம் அப்பிடி இல்லை. தோடியின்ர காந்தாரத்தை எடுங்கோ. அது ஒரு இடத்தில நிக்காது. ஆனால் எங்க இருந்து எழும்புது, எவ்வளவு நேரம் தங்குது, எந்த வேகத்தில இறங்குது எண்டது அதுக்கு முன்னும் பின்னும் வாற ஸ்வரத்தைப் பொறுத்து மாறும். அதை 18 பைட்டில அடைக்கேலாது. அது கையில இருக்கு. பிட்ச் பெண்டரைப் பிடிச்சிருக்கிற இடது கையில.

அதனாலதான் சொன்னன், விரலைக் கேக்கிற கருவியா எண்டு பாருங்கோ எண்டு. கிராண்ட்மதரில நல்ல பெண்டர் சில்லு இருக்கு. மொனோலோக்கில ஒரு சின்ன ஸ்லைடர், பழகக் காலம் எடுக்கும். ஜூனோவில லீவர்; எவ்வளவு வளையவேணும் எண்டதை ஒரு ஸ்லைடரால அளந்து விடலாம். ஆனால் அதின்ர கீயை மெல்லத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே ஒலிதான்.

இது மேற்கத்தைய கருவி, இதில கமகம் எங்க வரும் எண்டு சொல்லுறவைக்கு எங்கட ஊர்க் கதை ஒண்டு இருக்கு. எங்கட ஊர் எண்டால் கனடா. ஹியூ லு கேன் எண்ட கனேடிய விஞ்ஞானி, 1945-க்கும் 1948-க்கும் இடையில எலெக்ட்ரொனிக் சாக்பட் எண்ட கருவியைச் செய்தார். மோக்குக்கு ரெண்டு தசாப்தத்துக்கு முன்னால. அதின்ர கீயை அமத்துற அழுத்தத்தில ஒலி கூடும், குறையும். கீயைப் பக்கவாட்டில தள்ளினால் சுருதி வளையும். ஒற்றை விரலில, ஸ்வரத்துக்குள்ளயே அசைவு. இடது கை ஒலியின்ர நிறத்தை மாத்தும். 1964-ல இஷ்ட்வான் அன்ஹால்ட் மக்கில் பல்கலைக்கழகத்தில மின்னிசைக் கூடம் தொடங்கின நேரம், லு கேனின்ர கருவிகள்தான் அங்க வந்தது. நாங்கள் 24-ஆம் நம்பர் பஸ்ஸில ஷெர்புரூக் வழியாப் போற அதே மக்கில்.

யோசிச்சுப் பாருங்கோ. கீயை அசைச்சால் ஸ்வரம் அசையவேணும் எண்ட யோசனை, மின் சிந்தின்ர ஆரம்பத்திலயே இருந்தது. பிறகு கடைக்கு வந்த கருவிகளில அது காணாமல் போய், ஓரத்தில ஒரு சில்லா சுருங்கிச்சு. மிடியில எம்.பி.ஈ எண்ட தரம் 2018-ல ஏற்கப்பட்ட பிறகுதான், ஒவ்வொரு விரலுக்கும் தனி அசைவு எண்டது பரவலாத் திரும்ப வருது. எங்கட சங்கீதம் கேக்கிறது புதுசா ஒண்டும் இல்லை. தொலைச்சதைத்தான் கேக்குது.

கருவியை வளைச்ச ஆக்கள் நாங்கள்

"இந்தியன் பேக்" வரும் வரைக்கும் காத்திருக்கிறதில எனக்கு இருக்கிற பெரிய எதிர்ப்பு இதுதான்: எங்கட மரபில யாரும் அப்பிடிக் காத்திருக்கேல்ல.

வயலின் எங்க இருந்து வந்தது? ஐரோப்பாவில இருந்து. பாலுஸ்வாமி தீட்சிதர் அதைக் கையில எடுத்த காலத்தில "கர்நாடக வயலின்" எண்டு ஒண்டு கடையில இருக்கேல்ல. எங்கட ஆக்கள் அதைத் தரையில இருந்து, காலில ஊண்டி வைச்சு, தந்திகளை ஸட்ஜம்-பஞ்சமத்துக்குச் சுருதி மாத்தி வாசிச்சினம். இண்டைக்கு வயலின் இல்லாத கச்சேரியை நினைச்சுப் பார்க்கேலுமோ? மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினின்ர ரெட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்து தந்தியாக்கி, கமகம் பேச வைச்சார்.

சிந்திலயும் நடந்திருக்கு. மும்பையில சினிமாவுக்கு வாசிச்ச சரண்ஜித் சிங், 1982-ல பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில ஒரு இசைத்தட்டாச் செய்தார். ரோலண்ட்டின்ர ஜூப்பிட்டர்-8, டி.ஆர்-808, டி.பி-303. அந்த 303 பேஸ் கிற்றாருக்குப் பதிலா வாசிக்கச் செய்த பெட்டி. அதில ஒரு ஸ்வரத்தில இருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போற வசதி ஒண்டு இருந்தது. அவர் அதில ராகத்தின்ர வழுக்கலைக் கண்டார். இசைத்தட்டு அப்ப விற்கேல்ல. 2010-ல மறுபடி வந்த நேரம் உலகம் முழுக்க டெக்னோ கேக்கிற ஆக்கள் அசந்து போச்சினம். அவரிட்ட "இந்தியன் ப்ரீசெட்" இருந்ததோ? இல்லை. கருவியைத் தன்ர காதால கேட்டார், அவ்வளவுதான்.

கீபோர்ட்டை முற்றா ஒதுக்கினாலும் ஒண்டும் நடக்காது. அகில இந்திய வானொலி 1940-ல ஹார்மோனியத்தைத் தடை செய்தது. கமகம் வராது, சுருதி சரியில்லை எண்டதுதான் முக்கிய வாதம். 1971 வரைக்கும் அந்தத் தடை நீடிச்சது. குறை சொன்னது சரி. ஆனால் தடை செய்ததால ஹார்மோனியம் திருந்தேல்ல. வயலின் திருந்தினது, அதை எடுத்து மாத்தினதால.

"ஆனாலும் அக்கா..."

உங்கட மறுப்புகள் எனக்குத் தெரியும்.

"தொடங்கிற ஆளுக்கு பேக் உதவும்தானே?" உதவும். ஒரு நல்ல பேட்ச்சைப் பிரிச்சுப் பார்த்துத்தான் கனபேர் படிச்சிருக்கினம். நான் சொல்லுறது, ஏற்றின உடன வாசிக்காதையுங்கோ. ஒவ்வொரு குமிழாத் திருப்பி, எது எதைச் செய்யுது எண்டு பாருங்கோ. கடையில வாங்கின கறித்தூளை மணந்து, என்ன போட்டிருக்கு எண்டு கண்டுபிடிக்கிற மாதிரி.

"கலியாணவீட்டு மேடையில ஞாபகம் இல்லாத சிந்தோட நிக்கேலாது." உண்மை. பாட்டுக்குப் பாட்டு மாத்தவேணும் எண்டால் ஞாபகம் உள்ளதை எடுங்கோ. அதோட தாளும் இருக்கட்டும்.

"சாம்பிளில நாதஸ்வரம் இன்னும் அச்சொட்டா இருக்கே?" அச்சொட்டா வேணுமெண்டால் நாதஸ்வரக் கலைஞரைக் கூப்பிட்டு, அவருக்குரிய காசைக் குடுங்கோ. டொலார்-டெ-ஓர்மோ முருகன் கோயில் திருவிழாவில கிட்டப் போய் நிண்டு கேட்டுப் பாருங்கோ; எந்தப் பெட்டியும் அதுக்குக் கிட்ட வராது. சிந்தின்ர வேலை நாதஸ்வரத்தைப் போல நடிக்கிறது இல்லை. நாதஸ்வரத்திட்ட படிச்ச ஒரு புது ஒலியாகிறது.

"தமிழில எழுதினால் எங்களில எத்தனை பேர் வாசிப்பம்?" இதுதான் கஷ்டமான கேள்வி. எங்களில கனபேர் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பம், தெரியும். ஆனால் ஒண்டு கேக்கிறன்: சுருதி எண்டதை "பிட்ச்" எண்டு சொன்னால் பாதி போயிடுது. கமகத்தை "வைப்ராட்டோ" எண்டு சொன்ன இடத்திலதான் அந்த மின்விசிறி பேட்ச் எல்லாம் பிறந்தது. கணீர், கரகரப்பு, இழைவு, அசைவு, கார்வை: இந்தச் சொல்லுகள் எங்களிட்ட இருக்கு, இவை குமிழை எந்தப் பக்கம் திருப்பவேணும் எண்டு சொல்லுற சொல்லுகள். சிந்தின்ர சின்னத் திரையில தமிழ் எழுத்து வராது. தாளில வரும்.

இனி என்ன செய்யலாம்

வாங்கிற முதல் சிந்துக்கு என்ர மூண்டு கேள்வி: ரெண்டு ஒஸிலேற்றரைத் தனித்தனியாச் சுருதி சேர்க்கலாமோ? ஸ்வர இடைவெளியை நானே எழுதலாமோ? பெண்டரோ கீயோ என்ர விரல் சொல்லைக் கேக்குமோ? இந்த மூண்டுக்கும் "ஓம்" எண்டால், உள்ள 20 ஒலி இருந்தாலும் காணும். "இல்லை" எண்டால், ஆயிரம் இருந்தும் எங்களுக்குப் பிரயோசனம் குறைவு.

வாங்கின பிறகு முதல் கிழமைக்கு எதையும் ஏற்றவேண்டாம். தொடக்க பேட்ச்சில இருந்து சுருதி ஒண்டைச் செய்யுங்கோ. தம்புராச் செயலி ஒண்டைப் பக்கத்தில ஓடவிட்டு, அலை நிக்கும் வரைக்கும் சேருங்கோ. காது அதில பழகினால் மிச்சம் தானா வரும்.

செய்ததை ஒரு பக்கத்தில எழுதுங்கோ. மேல ஒலிக்கு ஒரு பேர், தமிழில. கீழ அலை என்ன, பில்டர் எவ்வளவு திறந்திருக்கு, என்வலப் எப்பிடி, ரெண்டாவது ஒஸிலேற்றர் எத்தனை சென்ற்றில. குமிழ் இடத்தைக் கடிகார முள்ளு மாதிரிச் சொன்னால் எந்த சிந்துக்கும் மாத்தலாம்: "பில்டர் ரெண்டு மணியில, ரெசனன்ஸ் பத்து மணியில." கடைசியில ஒரு வரி, பெண்டரை எப்பிடிப் பிடிக்கவேணும் எண்டு. கோப்பை ஏற்றுற ஆளுக்கு இந்த வரி கிடைக்காது. அதுதான் ஆக முக்கியமான வரி.

இந்த எபிசோட்டுக்காக நான் செய்த சுருதியையும், அந்த நாதஸ்வரத்திட்ட படிச்ச ஒலியையும் இப்பிடி ரெண்டு தாளில எழுதி அடுத்த மடலோட அனுப்புறன். உங்கட தாளைப் படம் எடுத்து இந்த மடலுக்கே பதிலா அனுப்புங்கோ. கையெழுத்துக் கோணலா இருந்தாலும் பரவாயில்லை, எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. பத்துத் தாள் சேர்ந்தால், மூண்டு சிந்திலயும் செய்து பார்த்து, ஒரு எபிசோட் முழுக்க அதையே போடுவம்.

அதுவரைக்கும் வைப்ராட்டோ பூச்சியத்தில இருக்கட்டும்.